டாஸ்மாக்கைத் தனியாருக்குக் கொடுத்தால், அப்புறம் மூடுவது யார்?

மதுவிலக்குப் பரப்புரைக் கூட்டத்தில் நமது மாநில மகளிரணிச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுமையாகப் படியுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம்.



வழக்கமா இந்த மாதிரி கூட்டத்துல ஆளுங்கட்சியைத் திட்டுவோம், கைதட்டு வாங்குவோம், போயிடுவோம். இன்னைக்கு நான் நம்ம ஆளுங்களோடவே ஒரு சண்டை போட வந்திருக்கேன்.

போன வாரம் நம்ம கட்சிப் பக்கத்துல டாஸ்மாக் பத்தி ஒரு பதிவு போட்டோம். கீழே வந்த கருத்துகளை ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். எதிர்க்கட்சிக்காரன் போட்டதை விடுங்க. நம்ம தம்பிகள், நம்ம கொடியை முகப்புப் படமா வச்சிருக்கிற பிள்ளைகள் எழுதியிருக்காங்க: "அரசாங்கம் சாராயம் விக்கிறதே அசிங்கம். தனியார்கிட்ட குடுத்துட்டு வரியை மட்டும் வாங்கிக்க வேண்டியதுதானே?" ஒருத்தர் இல்ல, பத்துப் பதினஞ்சு பேர். அதுக்கு விழுந்த லைக், நம்ம பதிவுக்கு விழுந்ததை விட அதிகம்.

கோபம் நியாயம்தான். பள்ளிக்கூடம் நடத்த வேண்டிய அரசு, ஆஸ்பத்திரி நடத்த வேண்டிய அரசு, கல்லாப்பெட்டி முன்னால உட்கார்ந்து குவார்ட்டர் எடுத்துக் கொடுக்குது. பாட்டில்ல போட்டிருக்கிற விலைக்கு மேல 10 ரூபாய் வாங்குது. கேட்டா சில்லறை இல்லைங்குது. தீபாவளிக்கு இத்தனை கோடி, பொங்கலுக்கு இத்தனை கோடின்னு செய்தி வருது. இதையெல்லாம் பார்த்து வயிறு எரியாதவன் மனுஷனே இல்ல. அந்த எரிச்சல்ல "தூக்கித் தனியாருக்குக் குடு"ன்னு சொல்றது எனக்குப் புரியுது.

ஆனா தம்பி, நீ கடையை மூடச் சொல்றதா நினைச்சுக்கிட்டு எழுதியிருக்க. உண்மையில கடையை நிரந்தரமாக்கச் சொல்லியிருக்க. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

கொஞ்சம் பின்னால போவோம். ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார். அப்புறம் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கலைஞர் ஆட்சியில எடுத்தாங்க, சில வருஷத்துல திரும்பப் போட்டாங்க. 1981-இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில மறுபடி திறந்தாங்க. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. அப்ப அது மொத்த வியாபாரம் மட்டும்தான். கம்பெனிகிட்ட வாங்கி, கடைக்காரனுக்குக் கொடுக்கும். கடை யாருகிட்ட இருந்தது? தனியார்கிட்ட.

இங்க இருக்கிற 40 வயசு தாண்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒயின் ஷாப் ஏலம்னு ஒண்ணு நடக்கும். ஏலத்துக்கு யார் போறாங்க, யார் போகக் கூடாதுங்கிறதெல்லாம் முந்தின நாளே முடிவாயிடும். மாவட்டத்துக்கு நாலு பேர் கூடிப் பேசி, தொகையைக் குறைச்சுக் கேட்பாங்க. வேற எவனாவது டெண்டர் போட வந்தா, வாசல்லயே தடுத்து நிறுத்துவாங்க. அரசு பார்த்தது, ஏலம் வேண்டாம் குலுக்கல் வைப்போம்னது. குலுக்கலிலும் அதே கூட்டம் புகுந்து, லாபம் வர்ற கடையைத் தன் கைக்குள்ள கொண்டு வந்துக்கிச்சு. அதுக்கப்புறம்தான் 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கிச்சு.

ஜெயலலிதா அம்மையார் ஏதோ மக்கள் நலனுக்காக எடுத்தாங்கன்னு நான் சொல்ல வரல. வருமானத்துக்காகத்தான் எடுத்தாங்க. வருமானமும் வந்தது. 2024-25-இல் மட்டும் 48,344 கோடி ரூபாய். ஏறக்குறைய 4,800 கடை. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கடைக்கு வருஷத்துக்குச் சுமார் 10 கோடி. நான் இந்த ஏற்பாட்டைப் பாராட்ட வரல. தனியார் கடை எப்படி இருக்கும்னு நாம பார்க்காதவங்க இல்ல, பார்த்து மறந்தவங்கன்னு சொல்ல வந்தேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

2016 மே மாசம் ஜெயலலிதா பதவியேற்ற உடனே ஒரு கையெழுத்து போட்டாங்க. 500 கடை மூடப்பட்டது. காலையில 10 மணிக்குத் திறந்த கடை, மதியம் 12 மணிக்குத்தான் திறக்கணும்னு ஆச்சு. 2017 பிப்ரவரியில எடப்பாடி பழனிசாமி பதவிக்கு வந்ததும் இன்னொரு கையெழுத்து, இன்னொரு 500 கடை. 2023 ஜூன் 22-ஆம் தேதி தி.மு.க. ஆட்சியில 500 கடை. 5,329 ஆக இருந்தது 4,829 ஆச்சு.

இந்த மூணு தடவையும் எந்தக் கடை முதலாளியாவது கோர்ட்டுக்குப் போனானா? "நான் போட்ட முதலை யார் தருவா"ன்னு கேட்டானா? இல்ல. ஏன்னா முதலாளின்னு ஒருத்தன் இல்ல. கடை அரசோடது, அதாவது நம்மளோடது. அரசு நினைச்சா சாயங்காலம் பூட்டு போடலாம். போடாம இருக்காங்கங்கிறது அவங்க மேல நமக்கு இருக்கிற புகார். ஆனா போட முடியும். அந்த ஒரு வசதியைத்தான் தனியார்கிட்ட வித்துடுங்கன்னு நீங்க கேட்கிறீங்க.

சட்டம் படிச்ச தம்பி ஒருத்தர் என்கிட்ட சொன்னார், "அக்கா, மது விக்கிறது யாருக்கும் அடிப்படை உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு, தனியார் கடையா இருந்தாலும் உரிமத்தை ரத்து பண்ணலாமே"ன்னு. சட்டப்படி சரி. நடப்பு என்னன்னு பக்கத்துல கேரளாவைப் பாருங்க. 2014-இல் அங்க இருந்த அரசு ஒரே நேரத்துல ரெண்டு முடிவு எடுத்தது. ஒண்ணு, அரசுக் கழகம் நடத்துற கடைகள்ல வருஷத்துக்கு 10 விழுக்காட்டை அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள்ல மூடுறது. இன்னொண்ணு, ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மத்த தனியார் பார்களை மூடுறது.

அரசுக் கடை சொன்ன தேதியில மூடிச்சு. சத்தமே இல்ல. தனியார் பார் முதலாளிகள்? உயர் நீதிமன்றம், அங்கிருந்து உச்ச நீதிமன்றம். 2015 டிசம்பர் கடைசியிலதான் தீர்ப்பு வந்தது. அதுக்கு நடுவுல, பார் உரிமத்துக்கு லஞ்சம் கைமாறுச்சுங்கிற குற்றச்சாட்டு கிளம்பி, ஒரு நிதியமைச்சர் பதவி விலக வேண்டி வந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார், அது வேற விஷயம். 2017-இல் அடுத்த அரசு வந்து கொள்கையையே மாத்தி, பார்களைத் திறந்து விட்டுச்சு. ஒரே மாநிலம், ஒரே வருஷம், ஒரே முடிவு. அரசுக் கடைக்கு ஒரு உத்தரவு போதுமா இருந்தது. தனியாரை மூட உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

கோடிக்கணக்குல முதல் போட்டவன் சும்மா இருப்பானா? வக்கீல் வைப்பான். சங்கம் வைப்பான். தேர்தல் வந்தா ரெண்டு பக்கமும் நிதி கொடுப்பான். நாளைக்கு நம்ம கட்சியே ஆட்சிக்கு வந்தாலும் நம்ம வாசலுக்கும் அவன் வருவான். நம்ம கட்சியில எல்லாரும் யோக்கியர்னு நான் மேடையில நின்னு சத்தியம் பண்ணத் தயாரா இல்ல. அந்த ஆபத்தே வராம இருக்கிறதுதான் நல்லது.

ஆந்திராவைச் சொல்லித்தான் நம்ம பசங்க அதிகம் எழுதியிருக்காங்க. சரி, ஆந்திராவைப் பார்ப்போம்.

2019-இல் ஜெகன்மோகன் அரசு கடைகளை அரசே நடத்தும்னு எடுத்தது. நல்லா நடத்தினாங்களா? இல்ல. பேர் தெரியாத பிராண்டை வச்சு வித்தாங்க, விலையை ஏத்தினாங்க, ஊழல் புகார் வந்தது. அரசுக் கடைன்னா தானா நேர்மை வந்துடும்னு நினைக்கிறவங்களுக்கு ஆந்திரா ஒரு பாடம், ஒத்துக்கிறேன். சனங்க கோபத்துல ஆட்சியை மாத்தினாங்க. சந்திரபாபு நாயுடு அரசு 2024 அக்டோபர்ல 3,396 கடைகளைக் குலுக்கல் முறையில தனியாருக்குக் கொடுத்தது. விண்ணப்பம் போட 2 லட்சம் ரூபாய். கடை கிடைக்கலைன்னா அந்தப் பணம் திரும்ப வராது. ஏறக்குறைய 90 ஆயிரம் விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணத்துல மட்டும் அரசுக்கு 1,797 கோடி.

ஒரு கடைக்குச் சராசரியா 26 பேர் போட்டி. 25 பேரோட 2 லட்சம் போச்சு. தெரிஞ்சும் ஏன் போட்டான்? அந்த ஒரு கடை கிடைச்சா எவ்வளவு வரும்னு அவனுக்குத் தெரியும். உரிமம் 2 வருஷம்தான். அந்த 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பப் பணம், உரிமக் கட்டணம், லாபம், எல்லாத்தையும் எடுக்கணும். எப்படி எடுப்பான்? அதிகமா வித்துத்தான் எடுப்பான். வேற வழி இருக்கா? கடை கல்லாவுல உட்கார்ந்திருக்கிற நம்ம டாஸ்மாக் விற்பனையாளர், இன்னைக்கு 50 பாட்டில் குறைவா வித்தாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். உரிமம் எடுத்தவனுக்கு அப்படி இல்ல.

அவங்க ஊர்ல பெல்ட் ஷாப்னு ஒரு பேர் உண்டு. உரிமம் எடுத்த கடை டவுன்ல இருக்கும். அங்கிருந்து பெட்டி பெட்டியா சரக்கு கிராமத்துக்குப் போகும். மளிகைக் கடைத் திண்ணையில, டீக்கடைப் பின்னால, வீட்டு வாசல்ல வச்சு விப்பாங்க. கணக்குல ஒரு கடை, ஊருக்குள்ள பத்து கடை. 2025 பிப்ரவரியில கடைக்காரங்க கமிஷன் பத்தலைன்னு கேட்டு, அரசு கூட்டிக் கொடுத்து, பல வகை பாட்டிலுக்கு 10 ரூபாய் விலை ஏறுச்சு. இங்க 10 ரூபாயைத் திருட்டுத்தனமா வாங்குறாங்கன்னு நாம கத்துறோம். அங்க அதைச் சட்டப்படியே வாங்கிட்டாங்க.

இதே ஆந்திராவுல இன்னொரு கதை இருக்கு. அதை நம்ம தாய்மார்கள் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். நெல்லூர் மாவட்டத்துல தூபகுண்டான்னு ஒரு கிராமம். 1990-களின் தொடக்கத்துல அங்க எழுத்தறிவு இயக்கத்துல படிக்க வந்த பெண்கள், படிச்சதோட நிக்கல. ஊர்ச் சாராயக் கடையை மூட வச்சாங்க. தீ பக்கத்து ஊர், பக்கத்து ஊர்னு பரவிச்சு. 1992-இல் சாராய ஏலத்தையே நடத்த விடாம மறிச்சாங்க. மாவட்டத்துல ஏலத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளி வைக்க வேண்டியதாச்சு. 1993-இல் சாராயத்துக்குத் தடை, 1995-இல் என்.டி.ராமராவ் ஆட்சியில முழு மதுவிலக்கு. ரெண்டே வருஷத்துல 1997-இல் அதைத் தளர்த்திட்டாங்கங்கிறது வேற வேதனை. அந்தப் பெண்கள் எதை எதிர்த்து மறியல் பண்ணாங்கன்னு கவனிங்க. தனியார் ஏலத்தை. இன்னைக்கு அதே ஊருக்கு அதே குலுக்கல் திரும்ப வந்திருக்கு. அதைப் போய் இங்க முன்மாதிரின்னு எழுதுறோம்.

டெல்லியைச் சுருக்கமா சொல்லிடுறேன். 2021 நவம்பர்ல அரசுக் கடைகளை மூடி, மொத்தத்தையும் தனியாருக்குக் கொடுத்தாங்க. மொத்த வியாபாரிக்கு 5 விழுக்காடா இருந்த லாபம் 12 ஆச்சு. போட்டியில ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு பலகை வச்சான். துணிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி விஸ்கிக்குத் தள்ளுபடி, கடை வாசல்ல திருவிழாக் கூட்டம். 2022 செப்டம்பர்ல திரும்பவும் அரசுக் கழகங்கள்கிட்டயே கொடுத்துட்டாங்க. 2,000 கோடிக்கு மேல இழப்புன்னு தணிக்கை அறிக்கை பின்னால சொல்லுச்சு. அந்தக் கொள்கையால எத்தனை அரசியல் தலை உருண்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவுல இருந்து ஒரு தோழர் நம்ம பக்கத்துல எழுதியிருந்தார், "வளர்ந்த நாட்டுல எல்லாம் அரசு மது விக்கிறது இல்ல"ன்னு. ஐயா, உங்க நாட்டுலயே பல மாநிலத்துல மது வியாபாரம் இன்னமும் அரசு கையிலதான் இருக்கு. வாஷிங்டன் மாநிலத்துல 2012-இல் தனியாருக்கு விட்டாங்க. அதுக்காக நடந்த வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு ஒரு பெரிய வணிக நிறுவனம் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணுச்சு. 330-க்குள்ள இருந்த கடை 1,400-ஐத் தாண்டிச்சு. விலை குறையும்னு சொன்னாங்க, ஏறிச்சு. சுவீடன்ல 1955-இல் இருந்து அரசு நிறுவனம்தான் மதுக்கடை நடத்துது. லாபத்தைக் கூட்டுறது எங்க வேலை இல்லைன்னு சொல்லி நடத்துறாங்க. நம்ம டாஸ்மாக்குக்கு அந்த வார்த்தையை யாராவது சொல்லிக் கொடுத்தா நல்லது.

இப்ப நம்ம ஊருக்கே திரும்ப வருவோம். டாஸ்மாக்ல ஏற்கெனவே தனியார் இருக்காங்க. எங்க எங்க இருக்காங்கன்னு பாருங்க.

சரக்கு காய்ச்சுற ஆலை தனியார். அது யார் யாரோட ஆலைன்னு ரெண்டு பெரிய கட்சிக்காரங்களும் மாத்தி மாத்திச் சொல்லியிருக்காங்க, நான் தனியா சொல்ல வேண்டியதில்ல. கடைக்குப் பக்கத்துல இருக்கிற பார் தனியார், டெண்டர்ல எடுக்கிறது. மனமகிழ் மன்றம்னு ஒரு அழகான பேர்ல ஊருக்கு ஊர் ஒண்ணு இருக்கே, அது தனியார். உறுப்பினருக்கு மட்டும்னு சட்டம். வாசல்ல போற எவன் வேணும்னாலும் உறுப்பினர்ங்கிறது நடைமுறை.

இப்ப சொல்லுங்க. கடை திறக்கிறது மதியம் 12 மணிக்கு. ஆனா காலையில 6 மணிக்குக் கட்டட வேலைக்குப் போற மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் சரக்கு எங்க கிடைக்குது? கடையிலயா? கடை பூட்டியிருக்கு. பக்கத்துல பார்ல கிடைக்குது, சந்துல கிடைக்குது. ராத்திரி 10 மணிக்கு மேல எங்க கிடைக்குது? அங்கதான். விலை எவ்வளவு? கடை விலைக்கு மேல கேட்டதைக் கொடுக்கணும். இருக்கிற ஏற்பாட்டுல ரொம்ப அழுகிப்போன பகுதி எதுன்னு பார்த்தா, அது தனியார்கிட்ட இருக்கிற பகுதி. அதைப் பார்த்த பிறகும், மிச்சத்தையும் அவன்கிட்டயே குடுன்னா என்ன அர்த்தம்?

இன்னொண்ணு. 48,344 கோடின்னு நான் ஒரு எண் சொன்னேன். அது எனக்கு எப்படித் தெரியும்? சட்டமன்றத்துல துறையோட கொள்கை விளக்கக் குறிப்புல வைக்கிறாங்க. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டா டாஸ்மாக் பதில் சொல்லணும். தணிக்கைத் துறை உள்ளே போய்ப் பார்க்கலாம். காட்டுல பாட்டில் உடைஞ்சு யானை காலைக் கிழிக்குதுன்னு வழக்கு போய், உயர் நீதிமன்றம் சொன்னதும் 2022-இல் நீலகிரியில காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்குற திட்டத்தை டாஸ்மாக் தொடங்கிச்சு. ஆயிரம் முதலாளிகிட்ட இதைச் செய்ய வச்சிருக்க முடியுமா?

2017 நினைவு இருக்கா? நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள கடை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னதும் மூவாயிரத்துக்கும் மேல கடை மூடிச்சு. மூடின கடையை ஊருக்குள்ள கொண்டு வந்தாங்க. நம்ம பெண்கள் விட்டாங்களா? திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்துல மறியல் பண்ணின பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்துல அறைஞ்சதை நாடே பார்த்துச்சு. அறைஞ்ச பிறகும் போராட்டம் நிக்கல. ஊர் ஊரா கடையை முற்றுகை போட்டு, கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்து, பல இடத்துல கடையைத் துரத்தி அடிச்சாங்க. அவங்க போய்ச் சண்டை போட ஒரு இடம் இருந்தது. கலெக்டர் இருந்தார், டாஸ்மாக் மேலாளர் இருந்தார், ஓட்டுக் கேட்டு வர்ற எம்.எல்.ஏ. இருந்தார். தனியார் கடை முன்னால போய் உட்கார்ந்தா யார் வருவா? முதலாளியோட ஆள் வருவான். போலீஸ் வந்து, "அவர் உரிமம் வாங்கி நடத்துறார்மா, வியாபாரத்துக்கு இடைஞ்சல் பண்ணாதீங்க"ன்னு நம்மளைத்தான் வண்டியில ஏத்தும்.

ஊழியர்களைப் பத்திப் பேசாம இதை முடிக்க முடியாது. கூட்டத்துல இருக்காங்களான்னு தெரியல, இருந்தாலும் கையைத் தூக்க மாட்டாங்க, பாவம். 23,629 பேர். மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர். 2003-இல் அரசு வேலைன்னு நம்பி வந்த பட்டதாரிகள் எத்தனை பேர். இன்னைக்கும் தொகுப்பூதியம்தான். காலமுறை ஊதியம் இல்ல. 2025 ஏப்ரல்ல 2,000 ரூபாய் கூட்டினாங்க, அதைப் பெரிய சாதனையா அறிவிச்சாங்க. ராத்திரி வசூல் பணத்தோட தனியா போகும்போது வெட்டுப்பட்டுச் செத்தவங்க இருக்காங்க. பொண்ணு பார்க்கப் போனா மாப்பிள்ளைக்கு டாஸ்மாக்ல வேலைன்னு சொல்ல முடியாம, அரசு நிறுவனத்துல வேலைன்னு சொல்லிச் சமாளிச்சவங்க இருக்காங்க. விலைக்கு மேல வாங்குற 10 ரூபாய் அத்தனையும் அவங்க பாக்கெட்டுக்குப் போகுதுன்னு நாம நினைக்கிறோம். கடை கரண்டு பில், இறக்குக் கூலி, உடைஞ்ச பாட்டில், மேல இருந்து வர்றவங்களுக்குக் கொடுக்கிறதுன்னு அவங்க ஒரு பட்டியல் சொல்றாங்க. அதனால அது சரின்னு நான் சொல்லல. வாங்கறதை நிறுத்தணும், வாங்க வைக்கிறவனையும் பிடிக்கணும்.

ஒரு ஊழியர் என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்றேன். "அக்கா, கடையை மூடுங்க, நாங்களே முதல் ஆளா கைதட்டுறோம். வேற துறையில ஒரு வேலை கொடுங்க போதும். ஆனா தனியாருக்கு வித்தா, சரக்கும் இருக்கும், கடையும் இருக்கும், நாங்க மட்டும் இருக்க மாட்டோம்." ஆந்திராவுல அதுதான் நடந்தது. அரசுக் கடையில ஒப்பந்த முறையில இருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தெருவுல நின்னாங்க.

"தனியாருக்குக் கொடுத்தா அரசு கைக் கறை கழுவப்படும்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். கறை எங்க போகும்? வரி அப்படியே வரும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தன் இஷ்டத்துக்கு வரி போட மிஞ்சினது பெட்ரோல், டீசல், மது, இன்னும் ஒண்ணு ரெண்டுதான். மாநிலத்தோட சொந்த வரி வருவாயில கால் பங்குக்கும் மேல மதுவுல இருந்து வருது. கடை யார் பேர்ல இருந்தாலும் அந்தப் பசி போகாது. விற்பனை குறையக் கூடாதுங்கிற ஆசை அரசுக்கும் இருக்கும், முதலாளிக்கும் இருக்கும். இன்னைக்கு அந்த ஆசைக்கு நாம கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கு. நாளைக்கு அதுவும் போயிடும். இந்த வருவாய்க்கு மாற்று என்னன்னு கேட்டா, ஒரே நாள்ல மாற்று கிடையாதுன்னுதான் நேர்மையா சொல்லணும். அதனாலதான் வருஷவாரியான அட்டவணை கேட்கிறோம்.

உடனே கேட்பாங்க, "கடையை மூடினா கள்ளச்சாராயம் வருமே, கள்ளக்குறிச்சியைப் பார்க்கலையா"ன்னு. பார்த்தோம். 2024 ஜூன்ல கருணாபுரத்துல வீட்டுக்கு வீடு பிணம் கிடந்ததை நம்ம தோழர்கள் போய்ப் பார்த்துட்டு வந்து ரெண்டு நாள் சோறு சாப்பிடல. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர். ஆனா அன்னைக்கு டாஸ்மாக் மூடியா இருந்தது? திறந்துதான் இருந்தது. அதே வருஷம் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய் ஆகியிருந்தது. கூலி வாங்கினவன் மலிவா கிடைச்ச பாக்கெட்டைத் தேடிப் போனான். அதுல மெத்தனால் இருந்தது. காய்ச்சினவனையும் கண்டும் காணாம இருந்தவனையும் விட்டுட்டு, கடை திறந்திருந்தா சாராயம் வராதுன்னு சொல்றது பித்தலாட்டம். அதேபோல ஒரே ராத்திரியில எல்லாத்தையும் மூடுன்னு நாமளும் சொல்லல. குடிச்சுப் பழகின உடம்பு திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு டாக்டரைக் கேட்டுப் பாருங்க, கை நடுக்கத்துல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகும்பார். படுக்கை வேணும், மருந்து வேணும், ஆலோசகர் வேணும். 48,000 கோடி வாங்குற அரசு, தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒரு மீட்பு வார்டு கட்டக் கூடாதா?

நம்ம கட்சியோட நிலைப்பாட்டைத் தெளிவாச் சொல்லிடுறேன், பக்கத்துல யாரும் திரிச்சு எழுத வேண்டாம். டாஸ்மாக்கைக் காப்பாத்துறது நம்ம வேலை இல்ல. அதைத் தனியார் கைக்குப் போகாம வச்சு, வருஷா வருஷம் எத்தனை கடை, எந்த மாவட்டம், எந்தத் தேதின்னு முன்கூட்டியே அறிவிச்சு மூடணும். முதல்ல பாரை எடு. மனமகிழ் மன்ற உரிமம் புதுசா ஒண்ணுகூடக் கொடுக்காதே. மூடுற கடை ஊழியரைக் காலியா இருக்கிற அரசுப் பணியிடத்துக்கு மாத்து. மது வருவாயில ஒரு பங்கை ஒதுக்கி மீட்பு வார்டு கட்டு. 500 கடை மூடின பேர்ல வேற பேர்ல 500 இடத்துல விக்கிற வேலையை நிறுத்து.

இது நடக்க நாம என்ன செய்யணும்னு கேட்கிறவங்களுக்கு: பள்ளிக்கூடம், கோயில், சர்ச், மசூதி பக்கத்துல கடை இருந்தா முதல்ல தூரத்தை அளங்க. மாநகராட்சி, நகராட்சியில 50 மீட்டர், மத்த இடத்துல 100 மீட்டருக்குள்ள கடை இருக்கக் கூடாதுன்னு 2003-ஆம் வருஷ விதியே சொல்லுது. அளந்து, படம் எடுத்து, மனுவோட ஒன்றிய அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க. 12 மணிக்கு முன்னாடி விக்கிற பார் இருந்தா நாளும் நேரமும் குறிச்சுக் கொடுங்க, உங்க பேர் வெளியே வராது. கலெக்டர்கிட்ட கட்சி பேர்ல நாங்க கொண்டு போறோம்.

கிராம சபைக்கு இந்தத் தடவை பெண்கள் குறையாம வரணும். தீர்மான மாதிரிப் படிவம் அச்சடிச்சு மேடைக்கு இடது பக்கம் மேஜையில வச்சிருக்கோம். அதுல "மதுக்கடைகளைத் தனியாருக்கு வழங்கக் கூடாது, படிப்படியாக மூட வேண்டும்"னு ரெண்டும் சேர்ந்தே இருக்கு. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதிடாதீங்க. போகும்போது ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கிட்டுப் போங்க, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு வராத பக்கத்து வீட்டம்மாவுக்கு.

கருத்து எழுதின தம்பிகளும் வாங்க. இன்னமும் உங்களுக்கு ஒப்புதல் இல்லைன்னா, கூட்டம் முடிஞ்சு நான் இங்கயேதான் இருப்பேன், கடைசி பஸ் 10 மணிக்கு. அதுவரைக்கும் பேசலாம்.